இலை இல்லாமல் மருந்து இல்லை

இன்று காலை சம்பா பட்டத்துக்கான பூச்சிமருந்துச் சரக்கு கடையில் வந்து இறங்கியது. பெட்டி ஒன்றின் அடியில் ஈரம் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பாட்டிலின் மூடி தளர்ந்திருந்தது. மணலைக் கொட்டி, கையுறை மாட்டித் துடைத்து, தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவியும் வாடை போகவில்லை. மத்தியானம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்ச்சோற்றுக்கு மேலே அதே வாடைதான் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

"உன்கூட உக்காந்து சோறு தின்னா, குடிகாடு கெமிக்கல் பாக்டரி பஸ் ஸ்டாப்புல உக்காந்து தின்ற மாதிரியே இருக்குதுடி" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே என் சோற்றில் பாதியைக் காலி செய்வாயே, அந்த முகத்தோடு வந்தாய். மற்றவர்களுக்கு இறந்தவர்களின் நினைவு பூ வாசனையிலும் ஊதுபத்திப் புகையிலும் வரும். எனக்கு நீ பூச்சிமருந்து வாடையில் வருகிறாய். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருப்பாய்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். பால் சொசைட்டி அறையை மூடிவிட வேண்டும் என்று போன வாரம் கிராம சபையில் பேச்சு வந்தது. நீயும் நானும் ஊர்க்காரர்களின் மருந்துப் பெட்டிகளை அடுக்கி வைத்தோமே, அதே அறைதான். அவர்கள் சொன்ன காரணத்தைக் கேள். இப்போதெல்லாம் ஊரில் மருந்து குடித்து யாரும் சாவதில்லையாம், அதனால் அறை எதற்கு என்கிறார்கள். நான் இன்னும் கோபம் தணியாமல்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. அது நீ போட்ட விதி, நீ போன பிறகும் நான் மீறவில்லை.

கடலூரில் கல்லூரியில் படித்தபோது நான் ஹாஸ்டல், நீ தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள். உன் அம்மா வைக்கிற மீன்குழம்புக்காகத்தான் உன்னோடு சிநேகம் பிடித்தேன் என்று கடைசிவரை சொல்லிக் காட்டினாய். பாதி உண்மைதான். பிறகு நான் கல்யாணமாகி, சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். வீட்டில் வேதியியல் படித்தது நான் ஒருத்திதான் என்பதால் உரக்கடை லைசென்ஸை என் பெயரில் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுவதோடு நின்றுகொண்டார், கடை என்னுடையதாகிவிட்டது. நீ சமூகப்பணி படித்துவிட்டு சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வந்து சேர்ந்தாய். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலே சில வருடம் ஓடியிருக்கிறது.

தெரியவந்த நாள் நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் பையில் சுற்றிய காலி பாட்டில் ஒன்றோடு என் கடைப் படியேறினாய். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. மருந்து குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாட்டிலையும் கொண்டுவரச் சொல்வார்கள், என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பாட்டிலில் என் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது உன் கடைதானே?"

"ஸ்டிக்கர்ல பேரு இருக்குதில்ல, அப்புறம் இன்னா கேள்வி?"

"ரெண்டு புள்ளைக்கு அப்பன்டி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லைசென்ஸ் இருக்கு, பில்லு போட்டுத்தான் வித்தேன். வாங்குறவன் மனசுல இன்னா இருக்குதுன்னு நான் எக்ஸ்ரே எடுத்தா பாக்க முடியும்? பழைய சிநேகிதின்னு ஒரு வாய் காபி கேக்காம, கொலைகாரியைப் புடிக்க வந்த மாதிரி வந்து நிக்கிற" என்று கத்தினேன். இன்றும் சொல்கிறேன், அன்று நான் கத்தியதில் தவறில்லை. நீயும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, "அவன் பொழைச்சிக்கினான்" என்றாய். "இன்னைக்கி காலையில என்கிட்ட இன்னா கேட்டான் தெரியுமா? கறிசோறு எப்ப குடுப்பீங்கன்னு கேட்டான். நேத்து சாவணும்னு போனவன்டி. இன்னைக்கி கறிசோறு கேக்குறான். நடுவுல ஒரு ராத்திரிதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் காவல் வேணும்."

காபி போட்டுக் கொடுத்தேன். நீ அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து வாடிய நெற்பயிர் ஒன்றை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். நான் தூரைப் பிரித்துப் பார்த்து, "புகையான் பூச்சி விழுந்திருக்குது, தண்ணியை வடிச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் போனதும் நீ, "இன்னாடி இது, வைத்தியர்கிட்ட நாடி காட்டுற மாதிரி?" என்றாய். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். மருந்தின் பெயரெல்லாம் குடியானவர்களுக்கு நினைவிருக்காது. வயலிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டோ, இலையைக் கிள்ளித் துண்டில் முடிந்துகொண்டோ வருவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் மருந்து எடுப்பேன்.

"அந்த ரெண்டு புள்ளைக்காரன் இலை கொண்டாந்தானா?" என்று கேட்டாய்.

யோசித்துப் பார்த்தேன். கொண்டுவரவில்லை. பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

அன்றைக்குத்தான் அந்தப் பலகையை எழுதி மாட்டினோம். "இலை இல்லாமல் மருந்து இல்லை." நிஜமாகவே பூச்சி விழுந்தவன் அலுத்துக்கொண்டாலும் திரும்பிப் போய் இலை கொண்டுவருவான். வேறு நினைப்பில் வந்தவன் திரும்பிப் போகிற வழியில் யாராவது எதிர்ப்படுவார்கள், வெயில் படும், பசிக்கும். இந்தப் போக வர நடைதான் உன் கணக்கு. எத்தனையோ வாடிக்கை கைவிட்டுப் போனது. பக்கத்து ஊர்க் கடைக்காரர், "மச்சான், உன் பொண்டாட்டி கடை நடத்துறாளா, பள்ளிக்கூடம் நடத்துறாளா?" என்று என் வீட்டுக்காரரைக் கேலி செய்தார். "ஹோம்வொர்க் எழுதாதவன்லாம் உன் கடைக்கி வந்துக்கினு இருக்கான் போல" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

கடையில் தடுத்தால் போதாது என்றாய் அடுத்து. அடித்தது போக மீந்ததை எல்லோரும் வீட்டுக்குத்தானே கொண்டுபோகிறார்கள். கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். சண்டை வருவதும் அதே வீட்டில்தான். பூட்டிக் கிடந்த பால் சொசைட்டி அறையைக் கேட்டு வாங்கினாய். வீட்டுக்கொரு இரும்புப் பெட்டி. பெட்டிச் சாவி அவரவர் கையில், அறைச் சாவி மகளிர் குழுவிடம். தன் மருந்தை எடுக்க வேண்டுமானால் ஒருவன் இன்னொருவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான் உன் தந்திரம். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு நீ கண்டுபிடித்தது இதைத்தானா என்று நான் கிண்டல் செய்தேன்.

அந்த அறைக்கு நாம் எழுதிய முதல் போர்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. "தற்கொலைத் தடுப்பு மையம்" என்று பெயின்டரைக் கூப்பிட்டு, சிவப்பு எழுத்தில், சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதவைத்தோம். ஒரு போகம் முழுக்க ஒரு பெட்டிகூட வரவில்லை. நீ வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாய். கடைசியில் ஒரு அம்மாள்தான் உடைத்துச் சொன்னாள். "எம் பொண்ணைப் பாக்க வர்றவங்க விசாரிப்பாங்கம்மா. இவுங்க வூட்டுப் பெட்டி அங்க இருக்குதுன்னு தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்க? அந்த வூட்டுல யாரோ அப்படிப்பட்ட ஆளு இருக்குதுன்னுதான? சாவுறவங்களைத் தடுக்கப் போயி எம் பொண்ணு கல்யாணத்தைத் தடுக்காதீங்க."

நடுத்தெருவில் நின்று அப்படிச் சிரித்தாய். மறுநாளே போர்டை அழித்து, "பயிர் மருந்துப் பெட்டகம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்" என்று எழுதவைத்தாய். அதோடு விடாமல், ஊர் முன்னாள் தலைவர் வீட்டுக்குப் போய், "ஒண்ணாம் நம்பர் பெட்டி உங்களுதுங்க ஐயா, மத்தவங்கள்லாம் அப்புறந்தான்" என்றாய். திருவிழாவில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்கிற ஊர் இது. அவர் பெட்டி வந்த பிறகு, ரெண்டாம் நம்பர் யாருக்கு என்று சண்டையே வந்துவிட்டது. நீ நல்லவள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். கில்லாடி என்று தெரிந்தவள் நான் மட்டும்தான்.

உன்னை அழவைக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் உன் வாயடைக்கிற மாதிரி ஒரு வாக்கியம் அவர்களிடம் இருந்தது. "போறவன் எப்படியும் போவான்." டீக்கடையிலும் சொன்னார்கள், படித்த ஆபீசரும் சொன்னார். ஒருமுறை என் கடையிலேயே ஒருவர் சொன்னபோது நீ விடவில்லை. "எங்க ஊருல புயல் கூண்டு ஏத்துனா படகையெல்லாம் இழுத்துக் கரையில கட்டுறோம். எதுக்கு? புயலை நிறுத்தவா? அது தாண்டுற வரைக்குந்தான். தாண்டிட்டா அவனே மறுபடியும் படகை எடுத்துக்கினு போறான், வலை போடுறான், பொண்டாட்டிகூட சண்டை போடுறான். இதுவும் அப்படித்தாங்க. தாண்டுற வரைக்கும் கட்டி வெக்கணும்."

கடல் உன் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதைப் பார்த்தவள் நீ. அந்த வருடம் எல்லோரும் எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். உன் தெருவில் ஒரு பெண் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாவணும்னு தோணுதாக்கா?" என்று கேட்டாயாம். பக்கத்தில் இருந்தவர்கள் உன்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணோ அப்போதுதான் வாய் திறந்து அழுதிருக்கிறாள். இப்போது அவள் கடலூர் ஹார்பரில் மீன் ஏலம் எடுக்கிறாள், அவளிடம் பேரம் பேசி ஜெயிக்க முடியாது என்று சொல்வாய்.

"கேட்டா அந்த நெனைப்பு வந்துடாதுடி. அது ஏற்கெனவே உள்ள இருக்குது. கேக்குறதுக்கு ஆளு இல்லாததுதான் பிரச்சனை" என்பாய். எனக்கு அது மட்டும் வராது. இலை கொண்டுவராமல் வந்து நிற்கிற முகத்தைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். உட்காரச் சொல்லுவேன், டீ வாங்கித் தருவேன், உள்ளே போய் உனக்குப் போன் போடுவேன். நீ வந்து கேட்பாய். நாம் பிரித்துக்கொண்ட வேலை அது. "நீ வைத்தியம் பாக்க வேணாம். கேளு, கூட உக்காரு, கூட்டிக்கினு வா. அவ்ளோதான்" என்று நீ எத்தனையோ தடவை சொல்லியும் அந்த முதல் வேலையை மட்டும் நான் உன் தலையிலேயே கட்டினேன்.

எதற்கெல்லாம் சண்டைக்குப் போனாய் நீ. யாராவது மருந்து குடித்து இறந்தால் செய்தித்தாளில் "வயிற்றுவலி தாங்காமல்" என்று எழுதுவார்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டு, "நம்ம மாவட்டத்துல ஜாஸ்தியா இருக்குற வியாதி வயித்துவலிதான் போல" என்று நிருபரையே தேடிப் போனாய். எப்படிச் செத்தார் என்று விலாவாரியாக எழுதாதீர்கள், எங்கே உதவி கிடைக்கும் என்று கடைசியில் ஒரு வரி போடுங்கள் என்று கேட்டாய். அவர் முதலில் கேட்கவில்லை. நீ வாராவாரம் போனாய். தொல்லை தாங்காமல் போட ஆரம்பித்தார். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளோடு நீயும் நிற்பாய். கொடிய மருந்துகள் சிலவற்றுக்கு அரசாங்கம் தடை போட்டபோது அல்வாவோடு என் கடைக்கு வந்தாய். "என் வியாபாரம் படுத்ததுக்கு எனக்கே ஸ்வீட்டா?" என்றேன். "நீயும் தின்னு. இன்னமே உன் ஸ்டிக்கரு ஆஸ்பத்திரிக்கி வராது" என்றாய்.

உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய். புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது முடியெல்லாம் கொட்டி, கண் மட்டும் பெரியதாக இருந்தது. "எமனோட வேலையைக் கெடுத்தா, அதான் பழி வாங்கிட்டான்னு ஊர்ல பேசுவாங்க, நம்பாத. இது வேற டிபார்ட்மெண்ட்டுடி" என்றாய். நர்ஸ் பெண்ணே சிரித்துவிட்டாள். நீ சொன்னது மாதிரியேதான் பேசினார்கள். நான் ஒருவரையும் விடவில்லை. சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் சண்டை போட்டேன். ஐஸ் பெட்டியில் கிடந்த உன் முகத்தில் அதற்கும் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

இப்போது வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கடைமடை, வைகாசியில் வயலில் ஒன்றும் இருக்காது. உளுந்து எடுத்த கட்டாந்தரை வெடித்துக் கிடக்கும். மத்தியான வெயிலில் கடைத்தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு பெண் வந்தாள். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதுவரை என் கடைக்கு வந்ததில்லை. பலகையைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முந்தானையிலிருந்து ஒரு இலையை எடுத்து வைத்தாள்.

"பூச்சிக்கு மருந்து வேணும்க்கா."

எடுத்துப் பார்த்தேன். செம்பருத்தி இலை. பச்சைப்பசேல் என்று, ஒரு பொட்டுப் புள்ளி இல்லாமல், ஓட்டை இல்லாமல், அப்போதுதான் பறித்தது. இத்தனை வருடத்தில் என் கல்லாப்பெட்டி மேல் நோயில்லாத இலையை யாரும் வைத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

உட்காரச் சொன்னேன். உள்ளே போனேன். பழக்கதோஷத்தில் போனை எடுத்து உன் பெயர் வரை போய்விட்டேன். நான் இன்னும் அதை அழிக்கவில்லை. உன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கேட்க வேண்டியவள் நீ. இப்படிப் போய்ப் படுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? வெளியே அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், எந்த நேரமும் எழுந்து போய்விடுவாள். அவள் போய்விட்டால் அடுத்தது என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தேன். வாய் உலர்ந்து போயிற்று. கேட்டுவிட்டேன்.

"சாவணும்னு தோணுதாம்மா?"

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அவள் திட்டவில்லை, எழுந்து ஓடவில்லை. "காலையிலேர்ந்து தோணுதுக்கா" என்றாள். பிறகு, "உங்களுக்கு எப்புடி தெரியும்?" என்றாள். "இந்த இலைக்கி ஒரு வியாதியும் இல்ல" என்றேன். அழுதாள். நானும் அழுதேன். அழக்கூடாது என்று நீ சொல்லியிருக்கலாம், எனக்கு வந்துவிட்டது.

காரணம் என்று அவள் சொன்னவற்றை எழுத மாட்டேன். ஒன்றல்ல, பல. எதையும் நான் தீர்த்துவைக்கவில்லை. கடையைப் பூட்டினேன், ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துச் சிதம்பரம் போனேன். உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண், உன்னளவு வாயில்லை. அவள் பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். இவளுக்கு அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்து, இவள் சம்மதத்தோடு அவரை வரச் சொன்னார்கள். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறாள். பஸ்ஸில் தனியாகவே போகிறாள்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன், வீட்டில் மீந்த மருந்து எதுவும் இல்லையா என்று. "எங்க வூட்டுது சொசைட்டி ரூம்புல இருக்குதுக்கா. சாவி மாமாகிட்ட. போனாலும் குழுப் பொம்பளைங்க இருப்பாங்க, எதுக்குன்னு கேப்பாங்க" என்றாள். வீட்டிலேயே இருந்திருந்தால் அவள் இலை பறிக்கவும் வேண்டாம், அந்த வெயிலில் என் கடைவரை நடக்கவும் வேண்டாம். உன் அறை அவளைத் தெருவுக்கு அனுப்பியது. உன் பலகை அவளை என் எதிரில் உட்காரவைத்தது. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே உன்னை வாய்விட்டுக் கூப்பிட்டேன். பின்னால் இருந்தவள் பயந்துபோய், "இன்னாக்கா?" என்றாள்.

இனி போன வாரத்து கிராம சபைக்கு வருகிறேன். நம் ஒண்ணாம் நம்பர் பெட்டிக்காரர், முன்னாள் தலைவர், எழுந்தார். அந்த அறையைக் காலி செய்து, இளைஞர்களுக்கு ஜிம் வைத்துக் கொடுக்கலாம் என்றார். "அந்த டீச்சரம்மா இருந்த வரைக்கும் சரி. அவுங்களே போயிட்டாங்க. இப்பதான் ஊருல அந்த மாதிரி ஒண்ணும் நடக்கிறதில்லையே, எதுக்கு ரூம்பு?" உன்னை டீச்சரம்மா என்றுதான் ஊர் கடைசிவரை கூப்பிட்டது, நீ ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை என்றாலும்.

நான் எழுந்தேன். "கொசுவலை கட்டினப்புறம் கொசு கடிக்கலைன்னு வலையை அவுத்துப் போடுவீங்களா? நடக்கலைன்னு சொல்றீங்களே, அது எதனால நடக்கலைன்னு யோசிச்சீங்களா? ஜிம் வெக்கிறதுக்கு வேற எடமே இல்லையா? அவ போயிட்டா, வாஸ்தவந்தான். ரூம்பு இருக்குது, நானும் இருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சிரித்தார். "போறவன் எப்படியும் போவாம்மா. அதுவுமில்லாம நம்ம ஊட்டுப் பொம்பளைங்க யாரும் அவ்ளோ கோழை கெடையாது."

உனக்குப் புரிந்திருக்கும். செம்பருத்தி இலையோடு வந்தவள் அவர் மருமகள். பெண்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் கோழை என்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ஒரே ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அறை நிலைத்துவிடும், அவர் வாயும் அடைத்துவிடும். "ஒரு பேரு வெளிய போச்சுன்னா, அடுத்த ஆளு நம்மகிட்ட வரமாட்டா. அன்னைக்கே கடையை மூடிடலாம்டி" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான், அதுவும் உனக்காகத்தான்.

தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சத்தமாக இல்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

"ஒண்ணாம் நம்பர் பெட்டி அங்கயே இருக்கட்டும் மாமா."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. மாமனாருக்கு எதிரில் அவள் பேசி இந்த ஊர் பார்த்ததில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. அதற்குள் அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண் எழுந்து, "எங்க பெட்டியும்" என்றாள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர், "என்னுதும் இருந்துட்டுப் போவட்டும்" என்றார். இப்படி எழுந்து நிற்க இவர்களுக்கும் ஒரு காரணம் இருக்குமோ என்று அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்தவர்களின் முகங்களைக் கூர்ந்து பார்த்தேன். அவர்களில் யார் யாரிடம் நீ உட்கார்ந்து பேசினாய், எனக்குக்கூடச் சொல்லாமல்? கேட்க உன்னிடம் வர முடியாது. அவர்களிடமும் கேட்க மாட்டேன்.

முன்னாள் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "பொம்பளைங்களுக்கு அதான் சவுகரியம்னா இருந்துட்டுப் போவுது. ஜிம்முக்கு வேற எடம் பாருங்க" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர் இறங்கி வந்தது எதனால் என்று எனக்குத் தெரியாது. எதையாவது புரிந்துகொண்டாரா, சபையில் மானம் போகக்கூடாது என்று நினைத்தாரா? எதுவாக இருந்தாலும் அறை இருக்கிறது. போர்டுக்கு இந்த மாதம் மறுபடியும் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உதவி எண்ணையும் அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் சின்ன எழுத்தில், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாத மாதிரி.

அந்தச் செம்பருத்தி இலையை நான் எறியவில்லை. சுவரில் லைசென்ஸை மாட்டியிருக்கிறேனே, அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டது, ஆனால் இன்னும் முழுசாக இருக்கிறது. உன் கேள்வியும் இப்போது என் வாயில்தான் இருக்கிறது. அவளுக்குப் பிறகு இன்னொருவரிடமும் கேட்டுவிட்டேன். இரண்டாவது தடவையும் வாய் உலரத்தான் செய்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தச் செம்பருத்திக்காரியே வந்தாள். இன்றைக்குத்தான், சற்று முன்பு. முந்தானையில் முடிந்திருந்த ஒரு இலையை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். கத்திரி இலை. சல்லடை மாதிரி ஓட்டை, அடியில் புழுவே ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

"கொல்லையில கத்திரி வெச்சேன்க்கா. இந்த வாட்டி நெஜமாவே பூச்சி உழுந்திருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வேப்பெண்ணெய் கொடுத்து, சோப்புக் கரைசலில் எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். முதல் பறிப்பு எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். காய் வரட்டும். குழம்பு வைத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்து, இந்த மூட்டை மேல் உட்கார்ந்து, மருந்து வாடையோடு உன் பங்கையும் சேர்த்து நானே சாப்பிடுவேன்.